பசியைப் பச்சி என்று வாசித்த டீச்சருக்கு

இன்று காலை மலையாளத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஹெட்மாஸ்டர் அதை என் மேசையில் வைத்து, "குடும்ப வாசிப்பு விழா இந்த வருஷமும் உண்டு, டீச்சர்தான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாளைக் கையில் எடுத்ததும் பழக்கத்தில் உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். அதில் புதிதாக வந்திருக்கும் டீச்சர் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பீரியட் முழுக்க ஆனது.

எல்லையில், கோவிந்தாபுரத்துக்கு இந்தக் கேரளப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். மலையாளம் பேசுவதற்கு எனக்குத் தடையில்லை. ஆனால் படித்ததெல்லாம் தமிழில். மலையாள எழுத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றறிக்கையையும் நீங்கள்தான் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டுவீர்கள். "ஒரு விசேஷமும் இல்லை டீச்சரே, ஒப்புப் போட்டா போதும்" என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி முடிப்பீர்கள். யாரிடமும் அதைப் பற்றி நீங்கள் பேசியதில்லை. அதற்கு நான் என்ன திருப்பிச் செய்தேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், அது என் தமிழ் டிவிஷன் தள்ளாடிக்கொண்டிருந்த காலம். ஜூன் மாதம் தலையெண்ணும்போது பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போய்விடும், டிவிஷனோடு டீச்சரும் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். தமிழ் பேசும் வீடுகளே பிள்ளைகளை உங்கள் மலையாள டிவிஷனில் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். வேலைக்கு அதுதான் உதவும் என்றார்கள். உங்கள் வகுப்பில் ஒரு பெஞ்ச் கூடினால் என் வகுப்பில் ஒரு பெஞ்ச் காலியாகும். நாம் ஒரே டப்பாவிலிருந்து ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட நாட்களில்கூட நான் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விழா யோசனை உங்களுடையது. உங்கள் வகுப்பில் ஒரு பெண் அப்பாவுக்கு மலையாளத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அவள் அப்பாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினார், வாசிக்க முடியவில்லை. "ஒரே வீட்டில் ரெண்டு எழுத்து டீச்சரே. அப்பனும் மகளும் ஒண்ணா இருந்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டே?" என்று கேட்டீர்கள். அந்த மாசி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கினீர்கள். வாசகசாலை புத்தகம் தர ஒப்புக்கொண்டது. கோயில் கமிட்டி மண்டபத்தைத் தந்தது. பால் சொசைட்டி மைக் தந்தது. அயல்கூட்டம் என்ற மகளிர் குழுப் பெண்கள் சுண்டல் செய்வதாகச் சொன்னார்கள். பேனரில் எந்த மொழி மேலே வரவேண்டும் என்று வாசகசாலையில் வாக்குவாதம் எழுந்தபோது, "மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். பக்கத்து பக்கத்தில் எழுதுங்கோ" என்று முடித்து வைத்தீர்கள்.

நான் உங்களோடு நடந்தேன். ஆனால் பஸ் ஸ்டாப்பில் என் வகுப்புத் தாய்மார்களைப் பார்த்தபோது, "அது மலையாளம் டிவிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலைங்க" என்று சொன்னேன். ஒருத்தியிடம் சொன்னது ஊர் முழுக்கப் போயிற்று. விழாவுக்கான முதல் கூட்டத்துக்குத் தமிழ் வீடுகளிலிருந்து யாருமே வரவில்லை.

மறுநாள் சரசு, அந்த ஆட்டுக்காரர் மனைவி, உங்களிடம் வெகுளியாக வந்து கேட்டுவிட்டாள். "ஏனுங்க டீச்சர், இது ஆள் பிடிக்கிறதுக்குங்களா? எங்க டீச்சர் சொன்னாங்க."

அன்று மதியம் நீங்கள் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் நின்றீர்கள். உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"டீச்சர் சொன்னதா?"

"சொன்னேன்."

"என்னிடம் கேட்டிருக்கலாமே. நான் பதில் சொல்லியிருப்பேனே. எதுக்கு அந்தப் பாவப்பட்டவங்களிடம் போய்ச் சொன்னது?"

நான் டப்பாவை மூடினேன். மூன்று நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள், "காலையில் ஆறு மணிக்குப் பால் சொசைட்டி முன்னால் வாங்கோ. சொன்ன வாயால் மாத்திச் சொல்லுங்கோ" என்றீர்கள். நீங்கள் மன்னித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

பால் கேனோடு வரிசையில் நின்ற பெண்களிடம், "எல்லாரும் வாங்க, நம்ம பிள்ளைகளுக்குத்தான்" என்று பொதுவாகச் சொன்னேன். முன்பு சொன்னது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஆனால் சரசு வராததற்கு வேறொரு காரணம் சொன்னாள்.

"எங்களைய மேடையேத்திப் படிக்கச் சொன்னா ஆவாதுங்க டீச்சர். நான் அஞ்சாவதோட நின்னவ. எழுத்துக் கூட்டறதுக்குள்ள பொழுது போயிருமுங்க. பெத்த புள்ளைக முன்னால சிரிப்பாப் போயிருமுங்க."

வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் வராததற்கு நான் கிளப்பிவிட்ட புரளி பாதிக் காரணம்தான், மீதி இது. நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு, "ஆத்யம், முதல்ல, நான் வாசிக்கிறேன். தமிழில். எனக்கும் எழுத்துக் கூட்டணும். நீங்க வந்து சிரிச்சுக்கோங்கோ" என்றீர்கள். பெண்கள் அங்கேயே சிரித்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் ஏழு பள்ளி நாட்கள், மதிய உணவு முடிந்ததும் நான் உங்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் வகுப்புக் கதைப்புத்தகம் ஒன்று, கோழியும் குஞ்சுகளும். நீங்கள் நல்ல மாணவி. இரண்டே நாளில் எழுத்துகள் பிடிபட்டுவிட்டன. ஒன்றே ஒன்றுதான் தவறியது. சகரம் எங்கே வந்தாலும் மலையாளத்து வழக்கப்படி அழுத்தி வாசித்தீர்கள். பசி என்றால் பச்சி. அரிசி என்றால் அரிச்சி.

முதல் நாளே அது என் காதில் விழுந்தது, டீச்சர். திருத்த வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். 'கொஞ்சம் சிரிக்கட்டும்' என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. பால் சொசைட்டி முன்னால் என்னை நிறுத்தியது மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. ஏழு நாளும் பச்சி, பச்சி என்று வாசித்தீர்கள். ஏழு நாளும் "நல்லா வருது டீச்சர்" என்றேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மலையாள வீடுகள் ஒரு பக்கமும் நம் வீடுகள் ஒரு பக்கமும் தானாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். கசவுக்கரைச் சேலையில் நீங்கள் மைக் முன்னால் நின்று புத்தகத்தைத் திறந்தீர்கள்.

"கோழிக்குப் பச்சி. குஞ்சுகளுக்கும் பச்சி."

என் வகுப்புப் பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வாண்டு, "பச்சி பறந்து போச்சுங்களா டீச்சர்?" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. நீங்கள் புத்தகத்தைப் பார்த்தீர்கள், பிள்ளைகளைப் பார்த்தீர்கள். எது தப்பு என்று உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் காது மடல் சிவந்ததை நான் முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்தவள் சரசு. கடைசி வரிசையிலிருந்து, இடுப்பில் சின்னதைத் தூக்கிக்கொண்டு, "டேய், சும்மா இருங்கடா" என்று பிள்ளைகளை அதட்டினாள். "டீச்சருங்க, அது பச்சி இல்லீங்க. பசி. வவுத்துப் பசி."

"பச்... பசி."

"அப்படித்தானுங்க. இப்ப அடுத்தது அரிசி."

நீங்கள் மைக்கை விட்டு இறங்கி அவளிடம் போனீர்கள். "எனக்குத் தனியா வராது. கூட நில்லுங்கோ" என்று கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தீர்கள். அவள் விரல் வைத்து வாசித்தாள், நீங்கள் பின்னால் சொன்னீர்கள். அஞ்சாவதோடு நின்றவள் ஒரு டீச்சருக்குப் பாடம் சொல்வதை அவள் மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்தபோது இரண்டு பக்கத்திலிருந்தும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடிதத்துக்கார அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் மலையாளத்தில் ஒரு வரி வாசித்தாள், அவர் தமிழில் ஒரு வரி. பாதியில் அவர் அவளிடம் புத்தகத்தை நீட்டி ஓர் எழுத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் சொல்லிக் கொடுத்தாள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது நீங்கள் என்னிடம் ஒன்றுதான் கேட்டீர்கள். "அந்தப் பசி... டீச்சருக்கு முன்னமே கேட்டதில்லையோ?"

"கவனிக்கலை டீச்சர்" என்றேன்.

"சரி" என்றீர்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அந்த வருடம் என் டிவிஷன் தப்பித்தது. விழாவால்தான் என்று சொல்ல முடியாது. வகுப்புகள் தொடங்கிய பிறகு மறுபடியும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம். ஓண லீவில் ஊருக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். அரைமணி நேரம்கூட இல்லையாம். உங்கள் வீட்டு முற்றத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது உங்கள் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா எங்களுக்கு எப்பவும் சொல்லிக் காட்டும், பச்சி பசின்னு. சிரிச்சுச் சிரிச்சு. தமிழ் டீச்சர் நல்லா படிப்பிச்சுத் தந்தாங்கன்னு சொல்லும்" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மழை வருகிறது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தே வீட்டில் அப்படிச் சொன்னீர்களா என்று பல தடவை யோசித்துப் பார்த்தேன். இனி அது தெரியப்போவதில்லை. நான் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கவனித்தேன், டீச்சர். முதல் நாளே கவனித்தேன். ஏழு நாளும் வேண்டுமென்றே விட்டேன்.

போன மாதம் புது டீச்சர் அசெம்பிளியில் தமிழ்ப் பாட்டுக்கு முன் இரண்டு வரி பேசினார். ஒரு சொல் தவறிப்போயிற்று. அவர் மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் நான் பக்கத்தில் போய்க் காதோரம் சொன்னேன். அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "தாங்ஸ் டீச்சரே. நாளைக்கும் கேட்டுச் சொல்லணும்" என்றார்.

மறுநாளும் கேட்டேன். சரியாக இருந்தது. அதையும் சொன்னேன்.