பதினான்காம் எண் வீட்டில் முப்பத்தொரு பேர்

அக்கா,

நீங்கள் இருந்தபோது எதிரில் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது கடிதம் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள். இன்று காலை கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. பிரிப்பதற்குள் விரலெல்லாம் பசை. எப்படி வருமோ என்று ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்த வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது: முப்பத்தொரு பெண்களின் உறுப்பினர் சேர்க்கை செல்லும்.

நான் எழுத்தராக இருக்கும் கூட்டுறவு வங்கிக்கு நீங்கள் முதலில் வந்தது, உங்கள் மாடி அறையில் குடியிருந்த திருநெல்வேலிப் பெண்ணோடு. ஒரகடம் கம்பெனி ஒன்றில் லைன் வேலை அவளுக்கு. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சங்கிலியை வைக்க வேண்டும். அடகுக்கடை வட்டி கட்டுப்படியாகாது. உறுப்பினரல்லாதவருக்கு நகைக்கடன் தர விதியில்லை, உறுப்பினராக வேண்டுமானால் எங்கள் எல்லைக்குள் குடியிருப்பதற்குச் சான்று வேண்டும் என்றேன். அவளுடைய ரேஷன் அட்டையோ ஊரில்.

"என் வூட்லதான் கீது இந்தப் பொண்ணு. நான் எழுதிக் குடுக்கறேன், போதுமா டிகிரி?" என்றீர்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்று தெரிந்ததிலிருந்து உங்களுக்கு நான் டிகிரிதான்.

அதுவரை எல்லாம் சரி. பிறகு அவளுடைய தோழிகள் வந்தார்கள். எல்லோரும் நம் ஊரிலேயே வேறு வேறு அறைகளில் இருந்தவர்கள். வாடகைக்கு வரி போட்டுவிடுவார்கள் என்று பயந்து எந்த வீட்டுக்காரரும் வாடகைச் சீட்டு தரவில்லை. எல்லோருக்கும் உங்கள் கதவு எண்ணையே போட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டவள் நான்தான். நீங்கள் யோசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டீர்கள்.

ஒரே கதவு எண்ணில் முப்பத்தொரு உறுப்பினர்கள் என்று தணிக்கையில் தெரிந்து, கூட்டுறவுச் சட்டத்தின் எண்பத்தொன்றாம் பிரிவு விசாரணைக்கு வந்த கூட்டுறவுச் சார்பதிவாளர் உங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, மூணு ரூம்ல முப்பத்தொரு பேரா?"

"ஷிப்டு சார். ஒருத்தி எழுந்தா இன்னொருத்தி படுப்பா. பாய் சூடு ஆறாது."

"சமையல்?"

"அது இன்னாத்துக்கு? கம்பெனிலதான் சோறு போடறானே!"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் எழுதினார். சேர்க்கை செல்லாதென்றால் அந்தப் பெண்கள் உடனே பணத்தைக் கட்டி நகையை மீட்டாக வேண்டும், விண்ணப்பங்களைச் சரிபார்த்த எழுத்தருக்கு வேலை போகும் என்றும் சொன்னார். இது யாருடைய யோசனை என்று கேட்டபோது நான் வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தான் சார் ஏமாத்தினேன். எல்லாரும் உன் வூட்டுலதான் கீறாங்களான்னு இந்தப் பொண்ணு கேட்டுது. ஆமான்னு சொல்ட்டேன்."

அவர் ஜீப்பில் ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "வாயத் தொறந்தே, பாரு. எனுக்கு இன்னா, போறதுக்கு வேலையா கீது? உனுக்குத்தான் போவும்." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையை விட்டீர்கள். மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோனபோது விசாரணை முடிந்திருக்கவில்லை.

இன்று வந்த ஆணையின்படி, எல்லோரும் உண்மையில் எங்கள் எல்லைக்குள்தான் வசிக்கிறார்கள் என்று அறை அறையாகப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். முகவரிகளைத் திருத்தினால் போதும். என்மேலும் நடவடிக்கை இல்லை. திருநெல்வேலிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அழுதாள். அழுது முடித்து, "அப்பம் எஞ் செயினு பத்திரமா இருக்குல்லா?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் ஆணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. 'வீட்டு உரிமையாளர் பொய்த்தகவல் அளித்து எழுத்தரை ஏமாற்றியுள்ளார்.' கணவர் பெயரோடு உங்கள் பெயர் முழுதாக. நான் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அந்த வரி அந்தக் கோப்பில் இருக்கும். பெண்களுக்கு இனி ஆபத்தில்லை. போனால் என் வேலை மட்டுந்தான்.

அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள் அக்கா. கதவு எண்ணைப் போடச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.