உன் நாற்காலிக்குப் படகு நீலம்

அக்கா,

நம் தீவில், கராச்சர்மாவில் உன் வீட்டு வாசலில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. டிங்கிப் படகுக்கு அடிக்கிற நீலம். மோந்தால் மூன்று தீவு தள்ளிப் படுத்திருக்கும் முதலைகூடத் தும்மும். அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அத்தான் சாத்தம் மர ஆலையில் அறுக்கும் வேலையில் இருந்தபோது உனக்கென்று சொல்லிச் செய்த சாய்வு நாற்காலி, ரத்தச் சிவப்பான படாக் மரம். நாலு பேர் தூக்கினால் அந்த நாலு பேரையும் தூக்க இன்னும் நாலு பேர் வேண்டும். அதற்கு நீலம் அடிக்கணும் என்று நீ கெஞ்சியபோது நான் பக்கத்தில் பகோடா தின்றுகொண்டிருந்தேன்.

"கலருன்னா கண்ணைக் குத்தணுங்க. இல்லேன்னா அது எதுக்குக் கலரு?" என்றாய்.

"படாக்குக்குப் பெயிண்டா? மயிலைப் புடிச்சு வேட்டி கட்டிவிடுவியா?" என்றார் அத்தான்.

அந்தக் கோபத்தில் சன்னல்களுக்கெல்லாம் சிவப்புத் திரை தைத்துப் போட்டாய். தெருவே தீப்பிடித்ததாக நினைத்துக் கொண்டது.

நீ கண்ணை மூடிய பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அத்தான் பார்க்கிற பார்வையே போதும். வாராவாரம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். பிறகு அதற்கு எதிரே ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைந்தது, சிரிப்பு நின்றே போனது. என் பேச்சைக் கேட்டும் சிரிக்காத மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

கண் ஆபரேஷனுக்காக அவர் மெயின்லேண்டுக்குக் கப்பலேறியதும் உன் மகள் செல்வி பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றாள்.

"மாமா, அம்மா ஆசைப்பட்டது. அப்பா இருந்தா விடமாட்டாரு. சலோ, பிரஷ்ஷைப் புடிங்க."

"ஏண்டி, திரும்பி வந்து என்னைக் கடல்ல தூக்கிப் போட்டுட்டாருன்னா?"

"உங்களைத் தூக்க கிரேன் வேணும் மாமா. பயப்படாதீங்க."

அடித்தோம். உன் மஞ்சள் புடவையையும் கிளிப்பச்சைப் புடவையையும் வெட்டி, ஒட்டுப் போட்டு மெத்தைக்கு உறை தைத்தாள். கத்தரி வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாள்; நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன். நாற்காலி கல்யாண ஊர்வலமாக எழுந்து நின்றது. ஆனால் பெயிண்ட் காய்ந்தால்தானே! அத்தான் ஊட்டிய எண்ணெயையெல்லாம் மரம் குடித்து வைத்திருந்தது. எவ்வளவு தேய்த்து அடித்தும் உள்ளிருந்து கசிந்துகொண்டே இருந்தது. மழை வேறு. ஃபேன் வைத்தோம், விசிறினோம், எனக்குத் தெரியாத மந்திரங்களைக்கூடச் சொன்னேன்.

கப்பல் வந்த அன்றும் விசிறிக்கொண்டே இருந்தேன். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான். அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒன்றையும் அழித்துவிட்டோமோ என்பதுதான் பயம்.

அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தார். கழற்றினார். பார்த்தார். சாத்தம் பாலமே பெயர்ந்து என் தலையில் விழப்போகிறது என்று நின்றேன். அவர் கிட்டே போய் அந்த மஞ்சள் துணியைத் தடவினார். "இது பொங்கலுக்கு எடுத்தது," என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா! கீலா இருக்குப்பா, இன்னும் காயல!" என்று செல்வி அலறினாள்.

வேட்டி, முழங்கை, முதுகு எல்லாம் நீலம். குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரித்தார், அக்கா.

"உங்கம்மா என்னைப் புடிச்சு வச்சுக்கிட்டாளே! டீ போடும்மா. இப்போதைக்கு நான் எந்திரிக்கறதா இல்ல."



நீ போனதிலிருந்து இந்த வாசலில் செருப்போடு குரலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இன்று காலை தெருமுனையிலிருந்தே "அத்தான்!" என்று கத்தினேன். "உள்ள வந்து கத்துடா!" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறேன்.

உன் தம்பி