வெட்டுப்பட்ட ராஜா

தம்பிக்கு,

ஜெயித்துவிட்டோம்! கிளப்பின் பிரிட்ஜ் சீட்டாட்டக் கோப்பை என் மேசைமேல் இருக்கிறது. நாலு வருஷமாக ஒரு வரி எழுதாத உனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசி ஆட்டத்தில் என் ஜோடியான பல் டாக்டர், ராஜா சீட்டை இறக்கினார். அந்தச் சுற்றின் பிடி எங்களுக்குத்தான். நானோ அவசரத்தில் துருப்புச் சீட்டை வீணாகப் போட்டு அதை வெட்டிவிட்டேன். ஆமாம், நாலு வருஷத்துக்கு முன் என் ஜோடியாக ஆடியபோது நீ செய்த அதே தவறு!

டாக்டர் சிரித்தார். "விடுங்க சார், அடுத்த பிடியில பாத்துக்கலாம்."

நானோ அன்று உன்னிடம், "சீட்டைத் தொடவே லாயக்கில்லாதவன்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அடுத்த போட்டிக்கு ஜோடியாக உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். "தம்பி வந்துட்டாலும்..." என்று செயலாளர் இளித்தான். அவன் மூக்கை உடைக்கவாவது வா.

என் ராஜாவை நீ வெட்டினாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

உன் அண்ணன்