உன் கணினியின் மாறாத இலக்கம்

இன்று காலை உன் கணினியை ஓட்டோவில் கொண்டுவந்து என் வீட்டு விறாந்தையில் இறக்கிவிட்டுப் போனார்கள். எங்கள் சனிக்கிழமை வகுப்பு நடக்கும் வளாகத்தில் இனி அதற்கு இடமில்லையாம். பக்கத் தகட்டைத் திறந்தேன். அந்துருண்டை மணம் முகத்தில் அடித்தது. கரப்பான் குடியேறக்கூடாது என்று நீ கடதாசியில் சுற்றி மூலையில் வைத்தவை கரைந்து பயறளவில் கிடந்தன. நீ பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிட்டாய் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கதிரை வெறுமையாக இருந்தது.

நடந்ததை உனக்குத்தான் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், ஒரு பழைய கொம்பியூட்டருக்கோ இவ்வளவு கவலை என்பார்கள்.

அதை நாங்கள் முதன்முதலாக வளாகத்து வலையமைப்பில் சேர்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று, வளர்ந்தவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கியிருந்தோம். எனக்குக் கணிதம், உனக்கு விஞ்ஞானம். ஏதோவொரு அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட கணினி உனக்குக் கிடைத்தது. அப்போதே அது கிழம். உன் பாடங்களை உன் குரலிலேயே பதிந்து அதில் வைத்தால், வளாகத்தின் எந்த அறையிலிருந்தும் வயர் வழியாகத் திறந்து கேட்கலாம் என்றாய். அகதி முகாம்களில் படிப்பைத் தொலைத்த பெரியவர்கள் வகுப்பில் கை உயர்த்தக் கூச்சப்படுகிறார்கள், இதில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம் என்பது உன் கணக்கு. "பெட்டி ஏசாது பார்" என்றாய்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் வேண்டும், தெருவில் வீட்டிலக்கம் மாதிரி. வலையமைப்பே தானாக ஒன்றைக் கொடுக்கும், பிறகு எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுக்கும். எல்லாரும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். வலையமைப்பைப் பார்க்கும் அன்ரனும் அதைத்தான் சொன்னார். நீ கேட்கவில்லை. விசைப்பலகையை உன் பக்கம் இழுத்து, உனக்குப் பிடித்த ஓர் இலக்கத்தை நீயே எழுதி நிரந்தரமாக்கினாய்.

"முகாமுக்கு முகாம் எனக்கு இலக்கம் மாத்தினவங்கள். இந்தியாவில ஒண்டு, திரும்பி வந்தா இஞ்ச ஒண்டு. இதுக்காவது ஒரே இலக்கம் கிடக்கட்டும்."



அடுத்த கிழமை கந்தோர் எழுதுவினைஞர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "டீச்சர், உங்கட பெட்டியை நிப்பாட்டுங்கோ! நீங்கள் போட்டவுடன எங்கட பிரிண்டர் ஊமையாப் போகுது!"

உன் இலக்கம் ஏற்கெனவே அவர்களுடைய பிரிண்டரின் இலக்கமாக இருந்திருக்கிறது. நான் வழக்கம்போல உதாரணம் சொல்லத் தொடங்கினேன். "ஒரே சீற்றுக்கு ரெண்டு பேருக்கு ரிக்கற் குடுத்தமாதிரி. பஸ் எடுக்கேலாமல் ரெண்டு பேரும் நிண்டு சண்டை..."

"உன்ர உதாரணத்தை நீ வச்சுக்கொள். சீற்றை நான் வச்சுக்கொள்ளுறன்" என்றாய். எழுதுவினைஞரைப் பார்த்து, "பிரிண்டருக்குப் போறதுக்குக் கனக்க இடம் இருக்குத் தம்பி, அதை எழும்பச் சொல்லுங்கோ" என்றாய்.

பிரிண்டர் எழும்பித்தான் போயிற்று. அன்ரன் உன் இலக்கத்தை உனக்கென்றே ஒதுக்கினார். நீ அதோடும் விடவில்லை. யாரும் அதை மாற்றாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினாய். பெட்டியைப் போட்டால் தானாக எழும்பும், பாடங்களை எல்லாருக்கும் திறந்து வைக்கும், இலக்கத்தில் மட்டும் கைவைக்க விடாது. பாடங்களுக்குப் பிரதி எடுத்து வை என்று நான் சொன்னபோதும், "ஆக்கள் தேடி வாறதுக்கு ஒரு இடம் இருக்கவேணுமடி" என்று மறுத்துவிட்டாய்.

ஆட்கள் வந்தார்கள். நறுவிலிக்குளத்து யோகேஸ்வரி வந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வயலில் நாட்கூலி. சனிக்கிழமைகளில் முருங்கனுக்கு வந்து அங்கிருந்து பஸ் ஏறி, கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி கடந்து மன்னாருக்கு வருவாள். ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலைக்குப் பரீட்சை எழுதவேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம். காதில் மாட்டிக்கொண்டு உன் பாடத்தைக் கேட்டபடி வாய்க்குள் முணுமுணுப்பாள். நீ நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் உன் குரல் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தது. மடுக்கோயில் திருவிழாவுக்குக் கொடியேற முன்பே நீ போய்விட்டாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் அவள் வந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, உன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு விடுமுறையில் வளாகத்துக்குப் புதிய வலையமைப்பு வந்தது. வயர்கள் புதிது, இலக்கங்கள் எல்லாமே புதிது. மற்றக் கணினிகள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒழுங்காக நின்றன. உன்னுடையது பழைய இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றது. ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எந்த அறையிலிருந்தும் அதைக் காணமுடியவில்லை. உன் தங்கையிடம் கேட்டு, தெரிந்த பெயர்கள் எல்லாவற்றையும் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தோம். நீ கும்பிடும் அந்தோனியார் பெயரைக்கூடப் போட்டோம். எதற்கும் திறக்கவில்லை.

வேறு வழியும் இருக்கவில்லை. கடற்காற்று உப்பு அதன் வாய்களை ஒவ்வொன்றாகத் தின்றிருந்தது. பாட்டு வருகிற வாய் செத்துப்போயிற்று, பென்டிரைவ் குத்துகிற வாயும் செத்துப்போயிற்று. பாடங்களை வெளியே எடுக்க, வலையமைப்பு வயர் குத்துகிற வாய் மட்டும்தான் மிச்சம்.

"டிஸ்க்கைக் கழட்டி வேற மிசினில போட்டுப் பாக்கலாம் டீச்சர்" என்றார் அன்ரன். "ஆனா அது டிக் டிக் எண்டு அடிக்கத் தொடங்கீட்டுது. ஓடிக்கொண்டிருக்கேக்க எடுத்தாத்தான் உண்டு. கழட்டினா அதோட முடிஞ்சாலும் முடிஞ்சிடும்."

வலையமைப்பில் சேராத பெட்டிகளை அகற்றச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. போன சனிக்கிழமை அன்ரனும் நானும் அதன் முன் இருந்தோம். யோகேஸ்வரி எனக்குப் பின்னால் நின்றாள். நான் உதாரணம் தேடினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

"தம்பி, ஒரு ஆள் தன்ர வீட்டை விட்டு அசையமாட்டன் எண்டா, நாங்கள்தானே அந்தத் தெருவுக்குக் குடி போகவேணும்? உங்கட லப்டொப்புக்கு அவவின்ர பக்கத்து வீட்டிலக்கத்தைப் போட்டா என்ன?"

அன்ரன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதைத்தான் செய்யப்போறன் டீச்சர். ஆனா இவ்வளவு வடிவாச் சொல்ல எனக்குத் தெரியாது."

புதிய வலையமைப்பை விட்டுவிட்டு, அவருடைய மடிக்கணினிக்கும் உன் பெட்டிக்கும் நடுவே ஒற்றை வயரைக் குத்தினார். உனக்குப் பக்கத்து இலக்கத்தைத் தன் கணினிக்குப் போட்டார். பிறகு, அங்கே இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளையை அடித்தார்.

பதில் வந்தது. ஒவ்வொரு வரியாக வந்தது. ஒவ்வொரு வரியிலும் உன் இலக்கம்.

"இருக்கிறா!" என்று கத்திவிட்டேன். யோகேஸ்வரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உன் பாடங்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. விதை முளைத்தல், நீர் ஆவியாதல், குருதிச் சுற்றோட்டம், அதற்குக் கீழே இன்னும் பல. அன்ரன் எல்லாவற்றையும் தெரிவுசெய்து பிரதி எடுக்கக் கொடுத்தார். பச்சைக் கோடு ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. உள்ளே டிக் டிக் என்ற சத்தம் வேகமாயிற்று. பிறகு சில்லறையைத் தகரத்தில் கொட்டியதுபோல ஒன்று. அதற்குப் பிறகு காற்றாடி சுழலும் சத்தம் மட்டும்.

நிறுத்தித் திரும்பப் போட்டோம். ஆறவிட்டுப் போட்டோம். கடைசியில், போனால் போகட்டும் என்று அன்ரன் கழற்றி வேறு கணினியிலும் போட்டுப் பார்த்தார். டிஸ்க் இருப்பதாகவே அது ஒத்துக்கொள்ளவில்லை.

"எத்தனை பாடம் வந்துச்சுங்க டீச்சர்?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

"ஒண்டும் வரேல்லைப் பிள்ளை."

அவள் தரையில் இருந்துவிட்டாள். அன்ரன் ஏதோ சாட்டுச் சொல்லி வெளியே போனார். அப்போது அவள் தனக்குள் சொல்லத் தொடங்கினாள். முதலில் செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். காது கொடுத்தேன். அது நீ. உன் பேச்சு, உன் இழுப்பு. வீட்டில் மலையகத் தமிழ் பேசுகிறவள் உன் மன்னார்த் தமிழை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"இதயத்தை ஒரு பம்பு எண்டு நினைக்காதேங்கோ, அது ரெண்டு பம்பு. ஒண்டு நுரையீரலுக்கு அடிக்குது, மற்றது உடம்புக்கு அடிக்குது. ரெண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்குது. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, ஒண்டு களைச்சுப் போச்செண்டா மற்றது என்ன செய்யும்?"

அதோடு நிறுத்திவிட்டாள்.

"பிறகு?" என்றேன்.

"அவ்வளவுதாங்க டீச்சர். அந்தக் கேள்வியோட பஸ்சுக்கு நேரமாச்சு. மிச்சத்த அடுத்த சனிக்கிழம கேட்டுக்கலாமுன்னு போயிட்டேன்."

அந்தச் சனிக்கிழமை விடுமுறை. புதிய வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாளை மறுநாள் அவள் வருவாள். பரீட்சை நெருங்குகிறது, வராமல் இருக்க அவளால் முடியாது. பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி மேசையில் வைத்திருக்கிறேன். விடை அதில் இருக்கிறது, அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளும் மரியாதைக்குத் தலையாட்டுவாள். ஆனால் நீ அந்த இடத்தில் எந்த வயலை, எந்தக் கிணற்றை, எந்த வள்ளத்து எஞ்சினை உதாரணம் சொன்னாய் என்று கேட்டாளானால் நான் என்ன சொல்ல? வாழ்நாளெல்லாம் உதாரணம் தேடியவளுக்கு உன்னுடைய அந்த ஒன்று அகப்படவில்லை.

உன் குரலில் அந்தக் கேள்வி வரைக்கும் என்னிடம் இருக்கிறது. சமைக்கும்போதும் படுக்கும்போதும் அதுதான் கேட்கிறது. கேட்டுவிட்டு, வகுப்பில் செய்வதைப்போல நீ எங்களைப் பார்த்தபடி காத்திருக்கிறாய்.