பின்னறை வரைக்கும் வைஃபை

மார்ச் 3, திங்கள்

கம்ப்யூட்டரைப் பின்னறைக்கு மாற்றியாயிற்று. அந்தப் பழைய பெட்டியைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னறையில் ரௌட்டருக்குப் பக்கத்திலேயே சுகமாக இருந்ததை எதற்கு மாற்ற வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். அங்கே ஜன்னல் வெளிச்சம், ஷோகேஸ், காலண்டர், என் சைக்கிள் என்று ஆயிரம் சாமான். பின்னறையில்தான் வெறும் சுவர். "பின்னால சாமான் இருந்தா என் கை எது, சாமான் எதுன்னு தெரியாது" என்று கையாலேயே சொன்னாள்.

நியாயம்தான். காது கேளாத குழந்தைகளின் பெற்றோருக்கு வீடியோவில் சைகை மொழி கற்றுக்கொடுக்க ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது. இவளுக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சலில் காது போனது. அதிலிருந்து முப்பது வருடமாகக் கையால்தான் பேச்சு. என்னிடம்கூடச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், கூப்பிட்டும் விட்டார்கள். பன்னிரண்டாம் தேதி நேர்காணல். போன் சரிப்படாது, பெரிய திரை வேண்டுமாம்.

ரௌட்டர் முன்னால், கம்ப்யூட்டர் பின்னால். ஒயர் இழுக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன். முதல் தட்டுக்கே வீட்டுச் சொந்தக்காரம்மா கீழிருந்து ஏறி வந்துவிட்டார். "சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது, ஆமா!" சரியென்று ஒயரைத் தரையில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நானே அதில் தடுக்கி விழுந்தேன்.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து வரும் வழியில் கம்ப்யூட்டர் கடை. விஷயத்தைச் சொன்னதும் கல்லாவில் இருந்த பெண், "யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒண்ணு போதும் சார், ஒயரே வேண்டாம்" என்று ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பத்துப் பேரை ஏற்றி இறக்கும் லிஃப்டைப் பிரித்துப் பூட்டுகிறவன் நான். இதைச் செருக எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

மார்ச் 8, சனி

வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் செருகினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பொட்டலத்தில் ஒரு சிடி இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் சிடி போடும் தட்டு இரண்டு வருடமாக வெளியே வருவதே இல்லை. கடைக்கு போன் போட்டேன்.

"டிரைவர் போட்டீங்களா சார்?"

"எங்க வீட்டுல கார் இல்லம்மா."

அவள் சிரிக்காமல் விளக்கினாள். அடாப்டர் சொல்வது கம்ப்யூட்டருக்குப் புரிவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவராம். நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாமாம். நெட் வருவதற்குத்தானே அம்மா இதையே வாங்கினேன்! அதற்கும் வழி வைத்திருந்தாள்: போனை ஒயரால் கம்ப்யூட்டரில் இணைத்தால், போனின் நெட்டைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும்.

எந்த டிரைவர் என்று தெரிய அடாப்டரில் அச்சடித்த எண் வேண்டும். எறும்பு எழுதிய எழுத்து. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். இவள் அதைப் போனில் படம் பிடித்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படித்துவிட்டாள். இறக்கினோம், நிறுவினோம், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். திரையின் மூலையில் விசிறி மாதிரி அந்தச் சின்னம் வந்தது. எங்கள் ரௌட்டரின் பெயரைத் தட்டி, கடவுச்சொல்லைப் போட்டாள். இணைந்துவிட்டது!

இவள் என் கையைப் பிடித்து ஆட்டினாள். கோப்பை வாங்கின மாதிரி இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அந்த விசிறிச் சின்னத்தின் நாலு கோட்டில் இரண்டுதான் நிரம்பியிருக்கிறது. போதும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

போதவில்லை.

அரை நாள் விடுப்புப் போட்டு வந்தேன். நான்கு மணிக்கு நேர்காணல். திரையில் ஒருங்கிணைப்பாளர் அம்மா. அவர் சைகையும் பேச்சும் இரண்டும் செய்கிறவர். இவள் நீலச் சட்டை போட்டு, கையில் வளையல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில், படத்தில் விழாதபடி.

பத்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: குழந்தைக்குக் கேட்காது என்பதையே ஏற்றுக்கொள்ளாத ஒரு தாய் வகுப்புக்கு வந்தால் எப்படி ஆரம்பிப்பீர்கள்? இவள் கையைத் தூக்கினாள். படம் நின்றது. தூக்கிய கை தூக்கியபடி. "உங்க கை நின்னுடுச்சு" என்றார் அந்த அம்மா. நான்— எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மைக்குக்கு முன்னால் போய், "ரொம்பப் பொறுமைசாலி மேடம், அழகா சொல்லிக் குடுப்பாங்க, மத்ததை நான் பாத்துக்குவேன்" என்று ஒரு மூச்சில் ஒப்பித்தேன். பிறகு தொடர்பே அறுந்தது.

"கேள்வி யாருக்கு?" என்று இவள் கேட்டாள்.

"படம் நின்னுடுச்சும்மா, அதனாலதான்—"

"நின்னா காத்திருப்பாங்க. நீங்கதான் காத்திருக்கலை. எப்பவுமே காத்திருக்க மாட்டீங்க. பேங்க்ல, ஆஸ்பத்திரில, எல்லா இடத்துலயும் என் பதிலை நீங்க சொல்றீங்க."

நான் பதில் சொல்லக் கையைத் தூக்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். மூடிவிட்டால் அவ்வளவுதான், அவளிடம் பேச எனக்கு வழியே இல்லை. அவளை யாராவது ஊமை என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இன்று அந்த வார்த்தை எனக்குத்தான் பொருந்தியது.

மார்ச் 13, வியாழன்

நல்லதுக்குத்தானே செய்தேன்? இல்லையா?

மார்ச் 14, வெள்ளி

நிறுவனத்திடமிருந்து கடிதம். இருபதாம் தேதி இன்னொரு வாய்ப்பு. இணைப்பு சீராக இருக்க வேண்டும். அடுத்த வரி: "தங்கள் கணவர் அறையில் இல்லாதிருந்தால் நலம்."

அந்த வரியை இவள் விரல் வைத்துக் காட்டினாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

இன்று ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை. கூட வந்தவன் கப்பி. கயிறு ஓடும் கப்பியைப் பற்றி ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். நான் லிஃப்டுக்குள் நின்று கடைப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கதவு மூடியதும் பேச்சு அறுந்தது. கப்பி வெளியே நின்று கத்தினான்: "இரும்புப் பெட்டிக்குள்ள நின்னுட்டு ஹலோ ஹலோன்னா எவனுக்குக் கேக்கும்? வெளிய வாய்யா!"

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் அடாப்டர் எங்கே இருக்கிறது? மேசைக்கு அடியில், தகரப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி. அதற்கும் ரௌட்டருக்கும் நடுவே எங்கள் கல்யாண பீரோ. இரும்பு, ஆறடி!

இருபது வருடமாக லிஃப்டுக்குள் சிக்னல் அறுவதைப் பார்க்கிறவன். என் வீட்டில் எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பீரோவைத் தனியாக நகர்த்த முடியாது. இவளிடம் கேட்டேன். இல்லை, முதலில் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டு அவள் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகுதான் கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். கீழிருந்து "என்ன இடியுது?" என்று குரல் வந்தது. "ஆணி இல்லம்மா!" என்றேன்.

கடையில் வாங்கி வந்த நீட்டிப்பு ஒயரின் ஒரு நுனியைக் கம்ப்யூட்டரில் செருகி, மறு நுனியில் அடாப்டரை மாட்டி, கதவு நிலையின் மேல் முன்பே இருந்த கொக்கியில் நூலால் கட்டினேன். நாலு கோடும் நிரம்பின. இவள் தன் தங்கையை வீடியோவில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாள். விரல் விரலாகத் தெரிந்தது.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடியும் அறுகிறது! கோடு நிறைய இருக்கிறது, திடீரென்று ஒன்றுமே இல்லை. நேர்காணலுக்கு இன்னும் இரண்டே நாள். அடாப்டரைப் பிடுங்கி வீசியிருப்பேன்.

இவள் வீசவில்லை. எப்போதெல்லாம் அறுந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நேற்றிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். என்னிடம் நீட்டினாள். படித்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"படம் ஓடும்போது ஒரு தடவை கூடப் போகலை. நான் சும்மா இருக்கும்போதுதான் போகுது. அது தூங்கிடுது."

அடாப்டர் தூங்குமா? தூங்குகிறது. கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் புகுந்து, அடாப்டரின் பெயரைத் தேடி, அதற்குள் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துவைக்கலாம் என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு டிக். டிக்கை எடுத்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து இரவுச் சாப்பாடு வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை.

மார்ச் 20, வியாழன்

நான்கு மணிக்கு நான் லிஃப்டின் கூரைமேல் எண்ணெய்க் கையோடு. கப்பி இரண்டு தடவை, "எங்கய்யா இருக்கே?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்தபோது இவள் பின்னறையில் அடாப்டர் ஒயரை ஒழுங்காகச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனாலும் அவள் சொல்லும்வரை வாசற்படியிலேயே நின்றேன்.

"ஏப்ரல்லேர்ந்து. சனிக்கிழமை காலைல. ஏழு பேரு."

அந்தக் கேள்வியை மறுபடி கேட்டார்களா என்றேன். கேட்டார்களாம்.

"அந்த அம்மாவுக்கு நான் முதல் நாள் ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டேன்னேன். வீட்டுக்குப் போயி குழந்தையைச் சும்மா பாருங்கன்னு சொல்லுவேன். அது ஏற்கனவே பேசிட்டுதான் இருக்கும். யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

இதற்கா நான், பொறுமைசாலி மேடம் என்று பதில் சொன்னேன்!

ஏப்ரல் 5, சனி

முதல் வகுப்பு. நான் முன்னறையில். நடுவில் ஒரு தடவை கை தட்டும் சத்தம், ஒரு தடவை இவள் சிரிப்பு. எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஏழு பேரில் ஒருவர் நேரம் ஒத்துவராமல் விலகிவிட்டாராம். ஒரு இடம் காலி. "நான் சேரலாமா?" என்று கேட்டேன். ஒன்பது வருடக் கல்யாணத்தில் நான் தெரிந்துகொண்டது பாதி சைகை, பாதி என் சொந்தக் கண்டுபிடிப்பு. இவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேரத்துக்கு வரணும்" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

முன்னறையில் போனோடு நான்; பின்னறையில் டீச்சர். ஒரே வைஃபை, நடுவில் ஒரு சுவர்.

வீட்டில் புழங்கும் சொற்களை ஆளாளுக்குச் செய்து காட்ட வேண்டும். என் முறை வந்தபோது, 'மன்னிப்பு' என்று எழுத்தில் கொடுத்தாள். இதென்ன பிரமாதம்! உள்ளங்கையை வயிற்றில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு எல்லோருக்குமாகத் திரையில் எழுதினாள்: "இவர் செய்தது மன்னிப்பு இல்லை. பசிக்கிறது."

ஆறு பெற்றோரும் சிரித்தார்கள். ஒன்பது வருடம்! எத்தனை சண்டை! ஒவ்வொன்றின் முடிவிலும் நான் வயிற்றைத் தடவியிருக்கிறேன், அவள் தட்டு வைத்திருக்கிறாள், சமாதானமாகிவிட்டது என்று நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் பின்னறைக்குப் போனேன்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கலையே."

"அப்போ நான் மன்னிப்புக் கேட்டதே உனக்குத் தெரியாதா?"

"மூஞ்சியைப் பாத்தா தெரியும். ஆனா பசிக்குதுன்னு சொல்ற ஆளுக்குச் சோறு போடாம இருக்க முடியுமா?"

எதிரே உட்கார்ந்தேன். சற்று முன் கற்றபடி கையை மூடி நெஞ்சில் வைத்தேன். நேர்காணல் நாளுக்காக என்றேன். பேங்குக்காக, ஆஸ்பத்திரிக்காக. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் அவசரப்படவில்லை. என் கையை எடுத்து மறுபடி நெஞ்சில் வைத்து, கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் நகர்த்திவிட்டாள்.

"இப்போ சரி" என்றாள்.