நீலப் பனி

நியூயார்க்,
3 பிப்ரவரி 1912

அன்புள்ள ஆல்டன்,

நலம்தானே? வெர்மான்ட் குளிரில் விறைத்துப் போகாமல் இருந்தால் சரி. நீ வரைந்த ஆறு மலைக்காட்சிகளும் என் ஓவியக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்ததும் எனக்குத் தலை சுற்றியது. பனி எங்கேயாவது நீலமாக இருக்குமா, மனுஷா?

பிட்ஸ்பர்க் ஆணி ஆலை முதலாளி ஹோல்கம் முன்கூட்டியே வந்து பார்த்தார். "என்னம்மா, உன் புருஷன் சொட்டு நீலத்துல விழுந்துட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாங்கினால்தான் மற்ற சேகரிப்பாளர்களும் வாங்குவார்கள்.

நம் பேச்சு நினைவிருக்கட்டும். இந்தக் கண்காட்சியில் ஒன்றும் விற்காவிட்டால் நீ தூரிகையை வைத்துவிட்டு என் அப்பாவின் சுவர்க்காகிதக் கடையில் வந்து உட்கார வேண்டும். திறப்புக்கு முந்தின நாள் வார்னிஷ் நாள். ஓவியர்கள் எல்லாரும் வந்து கடைசியாகத் தொட்டுச் சரிசெய்வார்கள். நீயும் வந்து பனியை வெள்ளையாக்கிவிடு. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வின்னி

*

வெர்மான்ட்,
7 பிப்ரவரி

அன்புள்ள வின்னி,

நான் வரவில்லை. பதிலுக்கு ஒரு டப்பா வெள்ளை அனுப்பியிருக்கிறேன். மனசு வந்தால் நீயே பூசிக்கொள்.

முழங்கால் பனியில் நின்று பார்த்து வரைந்தவன் நான். வெயில் பட்ட பனி வெள்ளைதான். மர நிழல் விழுந்த இடம் நீலம். ஹோல்கமுக்கு அது தெரியாததில் எனக்கு வருத்தமில்லை. நீயும் சிரித்தாயே, அதுதான் வலிக்கிறது.

வாக்குத் தவற மாட்டேன். விற்காவிட்டால் மாமாவின் கடையில் ரோஜாப்பூக் காகிதம் வெட்டுகிறேன். ஆனால் தோற்றாலும் நீலத்தோடுதான் தோற்பேன்.

ஆல்டன்

*

நியூயார்க்,
17 பிப்ரவரி

என் ஆல்டன்,

ஜெயித்துவிட்டாய்!

வார்னிஷ் நாளன்று வண்ணம் பூசும் கத்தியில் உன் வெள்ளையை எடுத்துக்கொண்டு படத்தின் முன் நின்றேன். ஹோல்கம் பின்னாலேயே வந்து, "பூசும்மா, நல்லாப் பூசு! ஆறையும் நானே எடுத்துக்கறேன்" என்றார். கை படம்வரைக்கும் போய் நின்றுவிட்டது. நீ சொன்னதை ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கத்தியோடு வாசலுக்கு ஓடினேன்.

புதுப் பனி, பளிச்சென்ற வெயில். விளக்குக் கம்பத்தின் நிழல் தெருவில் நீளமாகக் கிடந்தது. கத்தியை அதன் பக்கத்தில் பிடித்தேன். கத்தியில் இருந்தது வெள்ளை. நிழல் நீலம், ஆல்டன், அப்பட்டமான நீலம்! ஹோல்கமைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அட, அறுபது வருஷமா இதுமேலயா நடந்துக்கிட்டிருந்தேன்!" என்றார்.

ஆறும் அவருக்கே. திறப்பன்று வந்தவர்களிடமெல்லாம், "நிழல்னா நீலம்தாங்க, இதுகூடத் தெரியாதா?" என்று பாடம் வேறு நடத்தினார்!

முதலில் பார்த்திருக்க வேண்டியவள் நான். வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் அதைவிடப் பெரிது. திங்கட்கிழமை ரயிலில் வருகிறேன். அடுப்பை மூட்டி வை.

மிச்ச வெள்ளையை டப்பாவோடு அப்பாவிடம் கொடுத்துச் சொன்னேன்: "கடைக் கதவுக்கு அடிச்சுக்கோங்கப்பா. எங்க வீட்டுலேர்ந்து உங்க கடைக்கு வர்றது இது ஒண்ணுதான்."

உன் வின்னி