பாதத்தின் உள்விளிம்பு

ஒரத்தநாடு,
12.9.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

நலம். இந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. நீ போனை எடுப்பதில்லை. தபாலைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. நெல் மூட்டை தூக்கியதில் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், காஸ் சிலிண்டர். அதுவும் காலி சிலிண்டர்.

மன்னார்குடியில் ஷேக் பரீத் என்று ஒருவர் ரிஃப்ளெக்ஸாலஜி என்று ஒரு அமுக்கு வைத்தியம் செய்கிறார். இடுப்பு வலி என்று போனால் பாதத்தைப் பிடிக்கிறார். "இடுப்பு மேல இருக்கு பாய்" என்றேன். "பேசாம படுங்கண்ணே, பாதத்தோட உள்விளிம்புதான் முதுகெலும்பு" என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

பாதப் படம் ஒன்று கொடுத்து, தினமும் பத்து நிமிடம் வீட்டில் அமுக்கச் சொன்னார். அதில்தான் வில்லங்கம். என் பாதத்தை அமுக்க நான் குனிய வேண்டும். குனிய முடிந்தால் எனக்கு எதற்கு வைத்தியம்? "வீட்ல யாராச்சும் அமுக்கி விடட்டும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் இருப்பது ஒரு பல்லி.

பக்கத்து வீட்டு ராமாயி, "அக்கா எப்ப வருது?" என்று வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்கிறாள். தீபாவளிக்கு என்று சொல்லிவிட்டேன். பொய்யாக்கிவிடாதே.

வைத்தியலிங்கம்

*

திருப்பூர்,
25.9.2024

செம்மொழி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நம் பெண் செம்மொழி படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடவு முடிந்து வந்த ஒருநாள், குதிகால் குத்துகிறது, கொஞ்சம் அமுக்கிவிடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் டீக்கடையில் போய், "எங்க வீட்டு மகாராணி காலைப் பிடிக்கச் சொல்றா" என்றீர்கள். மறுநாள் நான் வயலில் இறங்கும்போது வரப்பில் நின்றவர்கள் எல்லாம் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷம் நான் எதையும் கேட்கவில்லை.

இத்துடன் ஒரு மர உருளை அனுப்பியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து காலுக்கடியில் போட்டு உருட்டுங்கள். குனிய வேண்டாம். யாரும் வேண்டாம்.

சிலிண்டரைத் தூக்காதீர்கள், உருட்டி நகர்த்துங்கள். ராமாயியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

செந்தாமரை

*

ஒரத்தநாடு,
18.11.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

உருளை வேலை செய்கிறது. வலி போயே போய்விட்டது. இவ்வளவு வருத்தத்தோடு குணமான ஆளை ஷேக் பரீத் பார்த்திருக்க மாட்டார்.

தீபாவளி போயிற்று. ராமாயியிடம் சொல்லிவிட்டேன். டீக்கடையிலும் சொன்னேன், அதே பெஞ்சில் உட்கார்ந்து: அன்றைக்கு அவள் காலை நான் பிடித்துவிட்டிருக்க வேண்டும் என்று. நான் சொல்லி அங்கே யாரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

மறுபடி மன்னார்குடி போனேன். "வலிதான் விட்டுடுச்சே, எதுக்குண்ணே வந்தீங்க?" என்றார். அமுக்கக் கற்றுக்கொடுங்கள் என்றேன். அவர் காலிலேயே பழகினேன். இரண்டு முறை கத்தினார், மூன்றாம் முறை தூங்கிவிட்டார். எந்த இடம் எதற்கு என்று இப்போது படம் பார்க்காமல் தெரியும்.

நீ வருவதற்கு என் பக்கம் காரணம் எதுவும் மிச்சமில்லை. உன் குதிகால் இன்னும் குத்துகிறதா? அதை மட்டும் எழுது.

வைத்தியலிங்கம்